பளிங்கு கழுவிய குழாய்

அந்தக் கட்டடத்தில் பளிங்கு யாரையும் நம்பியதில்லை. சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று பத்துப் பேர் சொன்னாலும், தன் கைக்கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மாடியில் இருந்த டாக்டர்களை அறவே நம்பமாட்டார். கதவில் டாக்டர் என்று பலகை மாட்டியிருக்கும். தலைவலி என்று போய் நின்றால், "அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க ஐயா, நாங்க அந்த டாக்டர் இல்ல" என்பார்கள். மருந்து எழுதத் தெரியாத டாக்டரும் உலை வைக்கத் தெரியாத சமையல்காரனும் ஒன்று என்பது அவர் கட்சி.

பளிங்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவர் அந்த ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர். இருபத்தாறு வருஷமாக அதே தொட்டி, அதே குழாயடி, அதே உலர்த்தும் அடுப்பு. அவர் கழுவிக் கவிழ்த்த குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் குடுவை இருப்பதே தெரியாது. ஒரு தரம் புதிதாக வந்த ஒரு அம்மாள், மேஜை காலியாக இருக்கிறது என்று நினைத்துக் கைப்பையை வைத்து நாலு குடுவையை உடைத்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

மூன்றாம் மாடியில் ஒரு டாக்டரம்மா. அவருக்கு ஊர் ஊரிலிருந்து பொடி வரும். மருந்தைச் சுமந்துகொண்டு ரத்தத்துக்குள் போய், வேண்டிய இடத்தில் இறக்கிவைக்கிற பொடி. நானோ பொடி என்று பேர். ஒரு தலைமுடியைக் குறுக்கே ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு மணி. இந்தப் பொடி உள்ளே போன பிறகு, ரத்தம் கிருமியைக் கொல்கிற தன் பழைய வேலையை ஒழுங்காகச் செய்யுமா, இல்லை கோட்டைவிட்டுவிடுமா? அதுதான் டாக்டரம்மாவின் கேள்வி. அதற்கு வாராவாரம் புது ரத்தம் வேண்டும். மூன்று வருஷமாக அந்த ரத்தம் பளிங்கின் இடது கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

சும்மா ஒன்றும் கை நீட்டிவிடவில்லை. முதல் தடவை கேட்டபோது, "எடுத்து எங்க விப்பீங்க?" என்றுதான் கேட்டார்.

டாக்டரம்மாவுக்கும் வாய் சளைத்ததல்ல. "உங்க ரத்தத்தை எவன் வாங்குவான்? வந்து பாருங்க, காட்டுறேன்."

ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அசையாமல் வைத்தார். அது உறைந்து கட்டியாகி, மேலே மஞ்சளாகத் தண்ணீர் நின்றது. "சீரம்னு பேரு. இதுல சிவப்பணுவும் கிடையாது, வெள்ளையணுவும் கிடையாது. வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும்" என்றார். அதை இரண்டு பங்காக்கினார். ஒரு பங்கை வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தார். மற்றதை அப்படியே பனிக்கட்டியில் வைத்தார். இரண்டிலும் ஒரே அளவு கிருமி விட்டார். ஆளுக்குத் தீங்கு செய்யாத ஆய்வுக்கூடக் கிருமிதான். பிறகு வட்டத் தட்டில் பூசி மூடிவைத்தார்.

மறுநாள் காலை பளிங்கு போய்ப் பார்த்தார். சூடுபட்ட சீரத்தின் தட்டில் மணலை அள்ளி இறைத்தாற்போல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமி பெற்றுப் பெருக்கிய ஊர். மற்றத் தட்டு துடைத்துவைத்தது போல் வெறுமையாக இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை யாரு செஞ்சது?"

"நீங்கதான்."

"நான் வீட்ல தூங்கிட்டு இருந்தேனே அம்மா."

"நீங்க தூங்கினாலும் அது தூங்காது ஐயா. அந்த மஞ்சத் தண்ணிக்குள்ள காவக்காரங்க இருக்காங்க. ஒருத்தன் கிருமி மேல கைவச்சான்னா அடுத்தவனைக் கூப்பிடுவான், அவன் இன்னொருத்தனைக் கூப்பிடுவான். கடைசியில எல்லாரும் கூடி அதோட தோல்ல ஓட்டை போட்டுடுவாங்க. சூடு பட்டா அவங்க செத்துடுவாங்க. அதான் அந்தத் தட்டுல அவ்வளவு புள்ளி."

அன்றைக்கு அவர் வீட்டில் வாயே திறக்கவில்லை. அவர் மனைவிக்கு அது அதிசயம். "என்னங்க, இன்னைக்குச் சண்டை போட ஆள் கிடைக்கலையா?"

"அடியே, எனக்குள்ள ஒரு பட்டாளமே இருக்குதாம்டி."

"இருக்கட்டும். அதுல ரெண்டு பேரை அனுப்பி இந்தப் பரண்ல இருக்கிற பெட்டியை இறக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் கை நீட்டினார். ஒரே ஒரு நிபந்தனை. பிளாஸ்டிக் குழாயில் தன் ரத்தத்தை விடக்கூடாது. அடி தடித்த பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்களைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டார். தானே கழுவி, தானே உலர்த்தி, துணியில் சுற்றித் தானே மாடிக்குக் கொண்டுபோவார். ரத்தம் எடுக்கிறவன் ஒரு வாயாடி. எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். "என்ன பெரியப்பா, சீர்வரிசை வந்தாச்சா?" என்பான். வாரம் ஒரு கேலி. ஆனால் டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். கண்ணாடியில் ரத்தம் நன்றாக உறையும். தவிர, மூன்று வருஷமாக, பொடி கலக்காத வெறும் சீரத்தின் தட்டு ஒரு வாரம் கூட ஏமாற்றியதில்லை.

அந்தப் புதன்கிழமை ஏமாற்றியது.

வழக்கம்போல முந்தின நாளின் தட்டுகளைப் பார்க்கப் பளிங்கு மாடியேறினார். டாக்டரம்மா தட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொடி கலந்த தட்டுகளில் புள்ளிகள் இருந்தன. அது பொடிக்குப் பொடி மாறும், புதிதல்ல. பொடியே கலக்காத, வெறும் சீரத்தின் தட்டிலும் மணல் இறைத்திருந்தது.

"சூடு வச்ச தட்டை மாத்தி வச்சுட்டீங்களா?" என்றார் பளிங்கு.

"இல்ல ஐயா. பேர் எழுதியிருக்கு. இது சூடு வைக்காததுதான்."

வியாழக்கிழமை திரும்ப எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை திரும்பப் பார்த்தார்கள். மறுபடியும் மணல்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததே பளிங்குக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்கிறவர்கள்தான் அப்படி உட்காருவார்கள். "கொஞ்ச நாள் வேற ஆள் ரத்தம் எடுத்துக்கறேன் ஐயா. நீங்க ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க. நிஜ டாக்டரை. பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா பாக்கறது நல்லது."

"என் ரத்தம் கெட்டுப்போச்சுன்றீங்க."

"அப்படிச் சொல்லல. கிருமியைக் கொல்லலன்னுதான் சொல்றேன்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு விளங்கவில்லை. படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அவருடைய அண்ணன் நாற்பத்தொரு வயதில் செத்தவர். குதிகாலில் ஒரு துருப்பிடித்த ஆணி. ஒரு சொட்டு ரத்தம் கூட ஒழுங்காக வரவில்லை. நாலாம் நாள் ஆள் இல்லை. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று சொன்னார்கள். மலை மாதிரி மனுஷன், ஒரு ஆணிக்குப் போனான். எங்கள் வீட்டு ரத்தமே கோழை ரத்தம் என்று பளிங்கு அன்றைக்கு முடிவு கட்டியிருந்தார். அந்த முடிவை மாற்றியது மூன்று வருஷத்துக்கு முன்னால் பார்த்த வெறும் தட்டுதான். இப்போது அந்தத் தட்டே மணலாகிவிட்டது.

வீட்டில் காய் நறுக்கித் தரச் சொன்ன மனைவியிடம், "கத்தியை எங்கிட்ட குடுக்காதே" என்றார்.

"ஏன், என்னைக் குத்திடுவீங்களோ?"

விஷயத்தைச் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் வலது கையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பத்து நாளைக்கு முன்னால் உடைந்த குடுவை கிழித்த இடம். தையல் போடலாமா வேண்டாமா என்று இருந்த காயம். இப்போது ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

"அழுக்குத் தண்ணியிலேயே கையை வச்சுக்கிட்டு நின்னீங்க. சீழ் பிடிச்சுதா?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல."

"ரத்தம் கெட்டவனுக்கு இது எப்படி ஆறும்? அவங்க தட்டைப் பாத்துட்டு வந்து சொல்றீங்க, உங்க கையைப் பாக்கலையே. கடிகாரத்தைக் கூட நம்பாத மனுஷன், இதை மட்டும் எப்படி நம்பிட்டீங்க?"

பளிங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால்தான் அவர் ஆள்.

திங்கட்கிழமை காலை மூன்றாம் மாடியில் போய் நின்றார். கட்டைவிரலை டாக்டரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "என் ரத்தம் கெடல. உங்க வேலைதான் கெட்டிருக்கு. இந்த ஊசிப்பய பனிக்கட்டியில வைக்காம வெளியில வச்சுட்டு ஃபோன் பேசியிருப்பான்."

"யாரு, நானா? பெரியப்பா, எம்மேல பழி போடாதீங்க."

"இல்லன்னா அந்த வெந்நீர்த் தொட்டி கெட்டிருக்கும். இல்லன்னா கிருமியே வேறயா இருக்கும். ஒண்ணொண்ணாப் பாருங்க. என் ரத்தத்தைக் கடைசியில பாருங்க."

டாக்டரம்மா விரலைப் பார்த்தார். பிறகு, "நியாயம்தான்" என்றார். "எல்லாத்தையும் சோதிப்போம். கிருமி, தொட்டி, பனிக்கட்டி எல்லாம். உங்க குழாயையும்."

"என் குழாயையா?"

"எல்லாத்தையும்னு நீங்கதானே சொன்னீங்க."

குழாயைச் சொன்னது அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தலையாட்டினார். டாக்டரம்மா அலமாரியிலிருந்து முத்திரை உடைக்காத ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே அதே மாதிரிக் கண்ணாடிக் குழாய்கள், இதுவரை யார் கையும் படாதவை. பளிங்கின் ரத்தத்தைப் புதுக் குழாயில் பாதி, பளிங்கின் குழாயில் பாதி. "டேய், நீயும் உக்காரு" என்று ஊசியையும் உட்காரவைத்து, அவன் ரத்தத்தையும் அதே மாதிரி இரண்டு பாதியாக எடுத்தார். ஊருக்கெல்லாம் குத்துகிறவன் தனக்குக் குத்தும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டான். பளிங்குக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

மறுநாள் நாலு தட்டு.

பளிங்கின் ரத்தம், புதுக் குழாய்: வெறுமை. ஊசியின் ரத்தம், புதுக் குழாய்: வெறுமை. பளிங்கின் ரத்தம், பளிங்கின் குழாய்: மணல். ஊசியின் ரத்தம், பளிங்கின் குழாய்: மணல்.

நாலையும் பார்த்த மாத்திரத்தில், எத்தனையோ நாள் கட்டியிருந்த மூச்சு வெளியே வந்தது. ரத்தம் நல்ல ரத்தம். அண்ணனுக்கு வந்தது தனக்கு வரவில்லை. அந்த நிம்மதி ஒரு நொடிதான். அடுத்த நொடி மூன்றாவது தட்டும் நாலாவது தட்டும் என்ன சொல்கின்றன என்பது மண்டையில் ஏறியது.

ஊசி கேலி செய்வான் என்று எதிர்பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அது கேலியை விட மோசம்.

பளிங்கு தன் குழாய் ஒன்றை எடுத்து ஜன்னலில் பிடித்தார். திருப்பினார். ஊதினார். மோந்து பார்த்தார். சுண்டினால் கணீரென்றது. "இதுல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே. இதுல தண்ணி ஊத்திக் குடிக்கலாம்மா."

"எப்படிக் கழுவுவீங்க? முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னார். காலையில் பொடி கலக்கிய குடுவைகள். பிறகு மற்றச் சாமான்கள். எல்லாம் முடிந்து கடைசியில், நிதானமாக, தன் பன்னிரண்டு குழாய்கள். சோப்புத் தண்ணீர், பிரஷ், ஏழு அலசல், சுத்தத் தண்ணீரில் ஒரு முக்கு, அடுப்பில் உலர்த்தல்.

"எந்த பிரஷ்?"

"என் பிரஷ். பழகின பிரஷ். மயிர் மெத்துன்னு இருக்கும், கீறல் விழாது."

"பொடிக் குடுவைக்கும் அதேதானா?"

பளிங்கு கையிலிருந்த குழாயை மேஜையில் வைத்தார். அதே பிரஷ்தான். போன மாதம் ஒரு புதுப் பொடி வந்திருந்தது. முந்தினவை மாதிரி இல்லாமல் கண்ணாடியில் பால் படிந்தாற்போல் அப்பிக்கொண்டது. வஞ்சம் வைத்துத் தேய்த்தார். போய்விட்டது. போய்விட்டது என்று கண் சொன்னது.

கீழே போய் பிரஷை எடுத்துவந்தார். டாக்டரம்மா இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் சுத்தத் தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் பிரஷை விட்டுக் கலக்கி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது எது என்று அடையாளம் தெரியவில்லை. இரண்டும் ஒரே தெளிவு. ஜன்னல் திரையை இழுத்து மூடினார். கூட்டத்தில் பேசும்போது திரையில் சுட்டிக்காட்டுவாரே, பேனா மாதிரி ஒரு பச்சை விளக்கு, அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

வெறும் தண்ணீரில் அடித்தார். எதிர்ச் சுவரில் ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. தண்ணீருக்குள் ஒன்றும் இல்லை. வெளிச்சம் போன தடமே கிடையாது.

பிரஷ் கலக்கிய தண்ணீரில் அடித்தார்.

தண்ணீருக்குள் ஒரு பச்சைக் கம்பி நின்றது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், இழுத்துக் கட்டினாற்போல். விளக்கை அசைத்தால் அசைந்தது. பளிங்கு குனிந்து கோப்பைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். விளக்கை அணைத்தார்கள். தெளிந்த தண்ணீர். போட்டார்கள். கம்பி.

"ஒவ்வொரு மணியும் கொஞ்சம் வெளிச்சத்தைச் சிதற அடிக்குது. தனித்தனியா உங்க கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது. இதுல கோடிக்கணக்கா இருக்கும். ஒரு மாசமா கொஞ்சம் கொஞ்சமா குழாய்ச் சுவர்ல ஒட்டிச் சேர்ந்தது அடுப்புச் சூட்டுல நல்லா இறுகியிருக்கும். ரத்தம் வந்து உள்ளே விழுந்ததும் காவக்காரங்க எல்லாரும் அது மேல பாய்ஞ்சிருக்காங்க, கிருமின்னு நினைச்சு. இருக்கிற ஆயுதத்தையெல்லாம் அங்கேயே செலவழிச்சுட்டாங்க. நிஜக் கிருமி வரும்போது கை காலி."

பளிங்கு கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவர் அவர். ஏழு அலசல் அலசியும் தன் கண் பார்க்காத ஒன்றை, தன் மூக்கு மோப்பம் பிடிக்காத ஒன்றை, தன் உடம்பிலிருந்து போன மூன்று சொட்டு மஞ்சள் தண்ணீர் கண்டுபிடித்திருக்கிறது. கண் இல்லை, காது இல்லை, தலை இல்லை, படிப்பு இல்லை. விழுந்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டு பாய்ந்திருக்கிறது. தவறான ஆள் மேல்தான் பாய்ந்தது. ஆனாலும் பாய்ந்தது.

"அப்போ இந்தப் பொடியை மருந்துன்னு சொல்லி ஒருத்தனுக்குள்ள ஏத்தினா?" என்றார்.

"அதுக்குத்தான் ஐயா நான் இங்க உக்காந்திருக்கேன்." டாக்டரம்மா திரையை விலக்கினார். "இன்னொண்ணு சொல்லட்டுமா? போன வாரத் தட்டுல, பொடி போட்டதும் போடாததும் ஒரே மாதிரி இருந்துச்சு. அவசரக்காரி யாராவது பாத்தா, இந்தப் பொடியால வித்தியாசமே இல்ல, சாதுப் பொடின்னு எழுதி அனுப்பியிருப்பா. நானே சனிக்கிழமை பேனாவைக் கையில எடுத்தேன். இப்ப மாசம் பூராவும் செஞ்சதைத் தூக்கிப்போட்டுட்டுத் திரும்பச் செய்யணும்."

பளிங்கு தன் பன்னிரண்டு குழாய்களையும் துணியோடு அள்ளினார். உடைந்த கண்ணாடி போடுகிற தகரப் பெட்டியின் மூடியைக் காலால் அழுத்தித் திறந்தார். ஒவ்வொன்றாகப் போட்டார். ஒவ்வொன்றும் சத்தம் போட்டுத்தான் போனது. கடைசியில் பிரஷ்.

"தப்பு என் கையிலதான்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "யாரையும் நம்பாத நான் என் கையை மட்டும் நம்பினேன் பாரு. அதுக்கு வந்த வினை."

"விடுங்க பெரியப்பா, யானைக்கும் அடி சறுக்கும்."

"நீ சும்மா இருடா. யானை எது, ஊசி எதுன்னு தெரியாம." திட்டிய பிறகுதான் அவர் குரல் பழைய நிலைக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இடது கைச் சட்டையைச் சுருட்டினார். "எடு. எந்தக் குழாய்ல வேணும்னாலும் எடு. பிளாஸ்டிக்கா இருந்தாலும் சரி. ஆனா டாக்டரம்மா, எனக்கு ஒண்ணு காட்டணும்."

"என்ன?"

"செத்த பிறகு தட்டுல பாக்கிறது போதும். சாகறப்ப பாக்கணும். அவங்க வேலை செய்யறதை என் கண்ணால பாக்கணும்."

டாக்டரம்மா நுண்ணோக்கியைத் தயார் செய்தார். அதன் மேடை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாகிற மாதிரி வைத்தார். பளிங்கின் புதுச் சீரத்தில் ஒரு சொட்டு, கிருமியில் ஒரு சொட்டு. மேலே மெல்லிய கண்ணாடி. "இப்போதான் கலந்திருக்கேன். நேரமாகும். பொறுமையா உக்காருங்க."

கண்ணை வைத்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. திருகைக் கொஞ்சம் திருப்பியதும் ஒரு வெளிச்ச வட்டம். அதற்குள், அப்பா, எத்தனை! குட்டிக் குட்டிக் குச்சிகள். ஓடின. சுழன்றன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு திரும்பி ஓடின. சந்தை திறந்த நேரத்துக் கூட்டம் மாதிரி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஒரு அவசரம்.

பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. காவல்காரர்கள் எங்கே என்று கேட்டார். அவர்கள் இந்தக் கண்ணாடிக்கும் அகப்படமாட்டார்கள், அவர்கள் செய்வது மட்டும்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா.

பிறகு ஓரத்தில் ஒரு குச்சி நின்றது. ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. லேசாக உப்பியது போல் இருந்தது. பிறகு அதன் கருமை வடிந்து வெறும் நிழலாகிவிட்டது. பக்கத்தில் இன்னொன்று. நடுவில் இரண்டு. யாரும் அடிக்கவில்லை, யாரும் துரத்தவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக அந்தச் சந்தை அடங்கிக்கொண்டு வந்தது. இதே வேலை இந்த நிமிஷம் தன் கட்டைவிரலிலும் முழங்காலிலும் நெஞ்சிலும் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது, அவருக்கு உட்கார்ந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது. அறுபத்தாறு வருஷம், ஒரு நாள் கூட லீவு கேட்காமல், சம்பளம் கேட்காமல், ஒரு தரம் கூட அவரிடம் சொல்லிக்கொள்ளாமல்.

"பெரியப்பா, அரை மணி நேரம் ஆச்சு. சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு" என்றான் ஊசி.

பளிங்கு கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

"இருடா. இன்னும் ரெண்டு ஓடிட்டு இருக்கு."